சாக்ஸ் காயாத பட்டாளம்

அந்நியப் பட்டாளம் ஊருக்குள் நுழைந்த அன்று பெரியக்கா மொட்டைமாடியில் ஹோட்டல் படுக்கை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கோடை முடியப்போகிற சமயம். ஆனாலும் வெயில் சுள்ளென்று அடித்தது. இந்தக் கோடியில் கிளிப் குத்திக்கொண்டு அந்தக் கோடிக்குப் போவதற்குள் முதல் விரிப்பு மொரமொரவென்று ஆகிவிடும். கடைவீதி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. ஜனங்கள் கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா பார்த்தது தெருவை இல்லை, லாரிகள் கிளப்பிவிட்ட புழுதி தன் வெள்ளை விரிப்புகளில் படிவதைத்தான். கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பொறுக்க முடியாமல் படியிறங்கி நடுத்தெருவுக்கே வந்துவிட்டாள்.

"யோவ், மெதுவா ஓட்டமாட்டே? துவைச்சதெல்லாம் வீணாப் போச்சு!"

லாரிக்காரனுக்கு அவள் பாஷை தெரியாது. ஆனால் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்மணி என்ன சொல்கிறாள் என்பதை எந்த நாட்டுக்காரனும் புரிந்துகொள்வான். அவன் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்தவர்களும் குறைத்தார்கள். எதிர்வாடை ரொட்டிக்கடைக்காரர் ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, அந்த அம்மாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்று தன் மனைவியிடம் சொன்னார்.

பெரியக்கா அவ்வளவு சுலபத்தில் குழம்புகிற ஆள் இல்லை. ஐந்து பெண்களில் மூத்தவள். தங்கைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே பெரியக்கா ஆகிவிட்டாள். அடையாள அட்டையைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயர் புழங்கியதில்லை. சின்ன வயதில் ஓர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே துணி வெளுக்கிற வித்தை அத்தனையையும் கற்றுக்கொண்டு, கல்யாணமான கையோடு சொந்தக் கடை போட்டாள். மூடிப்போன ஒரு நூற்பாலையிலிருந்து பழைய பாய்லரைக் கொண்டுவந்து பின்கட்டில் நிறுத்தினாள். பாய்லரை ஒட்டி ஜன்னலே இல்லாத நீளமான அறை ஒன்றைக் கட்டினாள். சுவரோரம் நீராவிக் குழாய்கள், தலைக்கு மேலே வரிசை வரிசையாகக் கம்பிகள். வேலைக்காரப் பெண்கள் அதைச் சூட்டறை என்பார்கள். வெளியே அடைமழை பெய்தாலும் உள்ளே துணி காயும். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்தச் சலவைக்கடைக்கும் அப்படியொரு அறை கிடையாது.

கணவர் இஸ்திரிக்காரர். நெடுநெடுவென்று இருப்பார், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம். அவர் பேச வேண்டியதையும் சேர்த்துத் தன் மனைவியே பேசிவிடுகிறாள் என்பது அவருக்குப் பெரிய நிம்மதி. ஒரே மகள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியின் படுக்கைத் துணிகளும் பெரியக்கா கடையில்தான் வெளுத்தன.

பட்டாளம் எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டது. அடுத்த நாளே சப்ளை அதிகாரி ஒருவர் கடைக்கு வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடி போட்டவர். ஏதோ கல்லூரியில் இந்த ஊர்ப் பாஷையைப் பாடமாக எடுத்துப் படித்தவராம். அதனால் அவர் வாயில் எல்லாம் அச்சடித்த மாதிரியே வந்தது.

"அம்மையீர், எங்கள் வீரர்களின் சீருடைகளைத் தாங்கள் சலவை செய்து தர வேண்டும். மறுத்தால் இக்கட்டடத்தை நாங்கள் கையகப்படுத்த நேரிடும்."

பெரியக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கணவர் பக்கம் திரும்பி, "இவர் ஏங்க செய்தி வாசிக்கிறாரு?" என்று கேட்டாள்.

இஸ்திரிக்காரருக்கு வியர்த்துவிட்டது. அதிகாரிக்கு மட்டும் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

"சரி, வெளுத்துத் தர்றேன். ஆனா கேட்டுக்குங்க. என் கடைக்குள்ள துப்பாக்கி வரக்கூடாது. என் பொண்ணுங்ககிட்ட எவனும் வாலாட்டக் கூடாது. ஆஸ்பத்திரித் துணி முதல்ல, உங்க துணி அப்புறம்தான்."

"ஏற்றுக்கொள்கிறேன். எப்படியும் இரண்டு வாரங்கள்தாம். அதன்பின் நாங்கள் ஆற்றைக் கடந்து தலைநகர் நோக்கிச் சென்றுவிடுவோம்."

"மழைக்கு முன்னாடியேவா?"

"எங்கள் நாட்டிலும் மழை பெய்யும் அம்மா. ஒரு வாரம் பெய்யும். ஓய்ந்துவிடும்."

பெரியக்கா துணிக் கணக்கு நோட்டை எடுத்தாள். அவருடைய நாட்டு மழையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

அன்று மாலை வீட்டில் ரகளை. மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"ஊரே நம்மளைப் பத்திப் பேசுது அம்மா. படையெடுத்து வந்தவனுக்குத் துணி துவைக்கிறோம்னு."

"பேசட்டும். மாட்டேன்னு சொன்னா என்ன ஆகும்? பாய்லரைத் தூக்கிட்டுப் போவான். அப்புறம் உன் வார்டுப் போர்வையை யாருடி கொதிக்கவைப்பா? நீ வீட்டு அடுப்புல வச்சுக் கொதிக்கவைப்பியா?"

மகள் முறைத்துக்கொண்டே தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

ரொட்டிக்கடைக்காரர் விடுவாரா? மறுநாள் கடை வாசலில் நின்று நாலு பேர் காதில் விழும்படி, "என்ன பெரியக்கா, எதிரி சட்டைக்கு நல்லா வெள்ளாவி வைக்கிறீங்க போலிருக்கே" என்றார். பெரியக்கா கூடையை இறக்கிக்கூட வைக்கவில்லை.

"என்ன அண்ணே பண்றது? நீங்க பின்வாசல் வழியாக் குடுக்கிற ரொட்டியைத் தின்னுட்டுத்தான் அவன் சட்டையை அழுக்காக்கிக்கிறான்."

சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் உள்ளே போய்த் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலில் பட்டாளத்துக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. சாலைகள் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தன. ஆறு நடுவில் மணல் தெரிய மெலிந்து ஓடியது. சீருடைகளில் இருந்ததெல்லாம் வெறும் புழுதிதான், தண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் போய்விடும். சிப்பாய்கள் சின்னப் பையன்கள். சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பந்து விளையாடினார்கள். தலைநகரில் என்னென்ன வாங்குவது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சொன்னபடி அவர்கள் கிளம்பவில்லை. எரிபொருள் லாரிகள் வந்து சேரவில்லை என்றார்கள். வந்து சேர்ந்த பிறகு, எந்த வழியாகப் போவது என்று இரண்டு தளபதிகளுக்குள் தகராறு என்றார்கள். தகராறு தீர்ந்ததும் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்தார்கள். நல்ல வெயில் நாட்கள் இப்படி ஒவ்வொன்றாகக் கைநழுவிப் போயின. ஊரில் வீட்டுக்கு வீடு கூரை ஓட்டை மாற்றிக்கொண்டிருந்தார்கள், சாக்கடை தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். விறகை உள்ளே அடுக்கினார்கள். பட்டாளத்துக்காரர்கள் அதையெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

மழை தன் நேரத்துக்கு வந்தது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒரு மத்தியானம் காற்று திசை மாறியது. பெரியக்கா மாடிக்கு ஓடிக் கொடியிலிருந்த துணிகளை வாரிக்கொண்டு இறங்குவதற்குள் தொப்பலாகிவிட்டாள். அப்புறம் நாட்கணக்கில் வெளிச்சமே இல்லை. வானம் தாழ்ந்து கூரைமேல் உட்கார்ந்துகொண்டது. கொட்டும், தூறும், மறுபடி கொட்டும். ஒரு வாரம் ஆயிற்று, ஓயவில்லை. சப்ளை அதிகாரி தினமும் காலையில் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஆற்றங்கரைக்குப் போகிற சாலை பிசைந்த மாவு மாதிரி ஆயிற்று. லாரி புதைந்தது. அதை இழுக்க டிராக்டர் போயிற்று, டிராக்டரும் புதைந்தது. அதை இழுக்க டாங்கியை அனுப்பினார்கள். டாங்கி புதைந்த பிறகு அதை இழுக்க அவர்களிடம் எதுவும் மிச்சமில்லை. படகுகளை வரிசையாகக் கட்டிப் பாலம் போடப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஆறு இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு சிவந்துபோய் ஓடியது.

பட்டாளத்தின் நிலைமை பெரியக்கா கடைத் தொட்டியில் தெரிந்தது. முதலில் கால்சட்டை நுனியில் மட்டும் சேறு இருந்தது. அப்புறம் முழங்கால் வரை வந்தது. அப்புறம் இடுப்புவரை. வெயிலுக்கென்று தைத்த மெல்லிசுச் சீருடை, ஈரத்தில் ஊறி உடம்போடு ஒட்டிக்கொண்டு கிழிந்து வந்தது. கம்பளிக் கோட்டும் போர்வையும் பின்னால் ரயிலில் வந்துகொண்டிருந்தனவாம். ரயில் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டதால் பாதிதான் வந்து சேர்ந்தன.

எல்லாவற்றையும்விட அவளைக் கலக்கியது சாக்ஸ்தான். கழற்றி மூட்டை கட்டி அனுப்புவார்கள். மூட்டையைப் பிரித்தால் வேலைக்காரப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். விரல் பக்கமெல்லாம் ரத்தக்கறை, தோல் உரிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டாளம் முழுக்கச் சேற்றுப்புண். ஈர சாக்ஸ், ஈர பூட்ஸ், படுத்தால் ஈரப் போர்வை. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னாள்.

"அவங்க வைத்தியக் கூடாரத்துல இடமில்லைன்னு எங்க வார்டுலயும் கொண்டுவந்து போடுறாங்க அம்மா. குண்டடி பட்டவன் ஒருத்தன்கூட இல்லை. எல்லாம் கால்தான். கால் வீங்கி, பூட்ஸைக் கத்திரியால வெட்டி எடுக்க வேண்டியிருக்கு. நம்ம ஊர் ஜனங்க வேற வெள்ளத் தண்ணியைக் குடிச்சிட்டு வாந்தியும் பேதியுமா வந்து கிடக்காங்க. விரிப்பு மாத்தி மாளலை."

ஆஸ்பத்திரித் துணி அளவுக்கு மீறி வந்தது. சூட்டறை ராத்திரி பகலாக எரிந்தது. மொட்டைமாடிக் கொடிகள் தண்ணீர் சொட்டிக்கொண்டு காலியாகத் தொங்கின. ஊரில் துணி காய்கிற இடம் அந்த ஓர் அறைதான் என்பதைப் பட்டாளமும் புரிந்துகொண்டது.

ஒருநாள் காலை சப்ளை அதிகாரி வரவில்லை. அவருக்குப் பதில் ஒரு சார்ஜென்ட் வந்தான். பெரிய மீசை, பெரிய குரல். பின்னால் சிப்பாய்கள் தோளில் மூட்டை மூட்டையாகக் கம்பளிச் சாக்ஸையும் போர்வையையும் சுமந்துகொண்டு நின்றார்கள். பேச்சைப் புரியவைக்க இரண்டு பாஷையும் தெரிந்த முகாம் சமையற்காரன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான்.

"வார முடிவில் ஆற்றைத் தாண்டித் தாக்கப் போகிறார்களாம். வெள்ளம் இருந்தாலும் சரி, படகில் போவார்களாம். போகிறவன் ஒவ்வொருத்தனுக்கும் காய்ந்த சாக்ஸும் போர்வையும் வேணுமாம். இனிமே சூட்டறையில் ஆஸ்பத்திரித் துணி போடக் கூடாதாம்" என்றான் சமையற்காரன், தரையைப் பார்த்துக்கொண்டே.

ஆற்றுக்கு அந்தக் கரையில் பெரியக்காவின் மூன்றாவது தங்கை குடியிருந்தாள். கணவன், இரண்டு குழந்தைகள், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு.  பெரியக்கா அதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆஸ்பத்திரித் துணி முதல்லன்னு உங்க அதிகாரி ஒத்துக்கிட்டிருக்காரு. அங்க படுத்திருக்கிறதுல உங்க ஆளுங்களும் இருக்காங்க. அது காய்ஞ்சு இறங்கினதும் இது ஏறும். நீ போய்ட்டு வான்னு சொல்லுப்பா."

சமையற்காரன் சொன்னான். மீசை சார்ஜென்ட் சிவந்துபோனான். சூட்டறைக் கதவைத் திறந்து, கம்பிகளில் தொங்கிய ஆஸ்பத்திரி விரிப்புகளை அவனே இழுத்துத் தரையில் போட்டான். வேலைக்காரப் பெண்களைப் பார்த்து வாசலைக் காட்டினான். பெரியக்காவையும்தான்.

"நாங்களே துவைச்சுக்குவோம்கிறார் அம்மா. துணி துவைக்க என்ன பெரிய படிப்பா வேணும்கிறார். பாய்லர் திருகை எப்படித் திருப்புறதுன்னு காட்ட உங்க வீட்டுக்காரர் மட்டும் இருக்கணுமாம்."

பெரியக்கா தரையில் கிடந்த விரிப்புகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தபோது, சிப்பாய்கள் கம்பளி மூட்டைகளைப் பெரிய கொப்பரைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போவது கண்ணில் பட்டது. பருத்தித் துணியைச் சலவைச் சோடாப்பு போட்டுக் கொதிக்கவைக்கிற கொப்பரை அது. கம்பளிக்கு என்று மூலையில் தனித்தொட்டி உண்டு, வெதுவெதுப்பான தண்ணீர்தான் காட்டலாம். கம்பளியை வேகவைத்தால் என்ன ஆகும் என்பது கடையில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் அவள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம். இத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் தானாகவே திறந்துகொண்டது. "ஏய், அதை அதுல…" என்று தொண்டைவரை வந்துவிட்டது.

தங்கையின் வீடு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குப் போய் அண்டா அண்டாவாக வெந்நீர் போட்டு ஆஸ்பத்திரித் துணியை அவளும் பெண்களும் துவைத்தார்கள். அறைக்கு அறை கயிறு கட்டி, ரொட்டிக்கடைக்காரரின் அடுப்பு மேலேயும் இரண்டு கயிறு கட்டிக் காயப்போட்டார்கள். அவர் முணுமுணுக்காமல் இடம் விட்டார். கை வேலை செய்துகொண்டிருந்தாலும் பெரியக்காவின் மனசெல்லாம் கடையில்தான் இருந்தது. தன்மேல் உள்ள கோபத்தில் கணவரை ஏதாவது செய்துவிடுவார்களோ என்ற பயம் மத்தியானத்துக்கு மேல் அவளை உட்காரவிடவில்லை.

சாயங்காலம் இஸ்திரிக்காரர் வந்தார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றும்போதே தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப்போய் ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணமானதிலிருந்து அவர் மொத்தமாகப் பேசியதைவிட அன்று அரை மணி நேரத்தில் அதிகம் பேசினார்.

"நாலு மூட்டை சோடாப்பையும் கொட்டினான். அடியில தீயை ஏத்தச் சொன்னான். ஏத்தினேன். கொதிகொதின்னு கொதிக்குது. ஆளுக்கு ஒரு கழியை வச்சுக்கிட்டு அடி அடின்னு அடிக்கிறானுங்க. அப்புறம் பிழிஞ்சு சூட்டறையில அடைச்சு, கதவைச் சாத்தி, இன்னும் சூடு இன்னும் சூடுங்கிறான். திறந்து எடுத்தா…"

"எடுத்தா?"

"சாக்ஸ் இத்தனூண்டு." கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே காட்டினார். "பொம்மைக்குப் போடலாம். போர்வை பலகையா நிக்குது, மடிச்சா மடங்கலை. மீசைக்கு நம்பிக்கை வரலை. உட்கார்ந்து தன் கால்லேயே போட்டுப் பாக்குறான். பெருவிரல்ல மாட்டிக்கிச்சு, அதுக்கு மேல ஏறமாட்டேங்குது. ரெண்டு பேர் பிடிச்சு இழுத்தானுங்க!"

"உங்களை எதுவும் கேக்கலையா?"

"என்னைத்தான் யாரும் எதுவும் கேக்கலையே. திருகைக் காட்டச் சொன்னாங்க, காட்டினேன்."

பெரியக்கா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேலைக்காரப் பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவளுக்கும் சிரிப்புத்தான்.  ஆனால் நாளைக் காலையில் யாராவது வந்து நிற்பார்கள் என்று தெரியும்.

வந்து நின்றவர் சப்ளை அதிகாரி. காய்ச்சலில் கண் உள்ளே போயிருந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மகள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அம்மாவை ஒட்டி வந்து நின்றாள்.

"தாங்கள் சொல்லியிருக்கலாம், அம்மா."

"நீங்க கேட்டிருக்கலாம், சார்."

 அவர், உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். பெரியக்கா ஒரு காய்ந்த துண்டை எடுத்து நீட்டினாள். மகள் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவரப் போனாள்.

"சாக்ஸ் இருந்திருந்தாலும் பயனில்லை," என்றார் அதிகாரி. "நேற்று நாங்கள் கட்டிய படகுகளை ஆறு கொண்டுபோய்விட்டது. அதிலிருந்த சிலரையும். எங்களுக்குப் பின்னால் ரயில் பாதை மூன்று இடங்களில் அறுந்துவிட்டது. உணவு வராது. முன்னால் செல்ல வழியில்லை. இங்கேயே இருந்தால் நோய். கோடையில் புறப்பட்டு வந்த எங்களிடம் எல்லாம் இருந்தது. காத்திருக்கும் நேரம் மட்டும் இருக்கவில்லை. அதையே நாங்கள் தாராளமாகச் செலவழித்தோம்."

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"திரும்பிச் செல்கிறோம். உத்தரவு வந்துவிட்டது." கடைச் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். எழுந்து போகும்போது, படித்த பாடத்தையெல்லாம் மறந்துவிட்டாற்போல், "வர்றேன்க்கா" என்றார்.

மறுநாள் பட்டாளம் கிளம்பியது. வந்தபோது லாரியில் வந்தவர்கள், போகும்போது நடந்து போனார்கள். லாரிகள் சேற்றில் கிடந்தன. பெரியக்கா கடை வாசலில் நின்று பார்த்தாள். பாதிப் பேர் காலில் பூட்ஸ் இல்லை, சாக்குத் துணி சுற்றியிருந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, தரையில் கால் பாவாமல் நொண்டிக்கொண்டு போனார்கள். ஊர் ஜனங்கள் கை தட்டலாம் என்றுதான் வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள்.

கூட்டத்தின் கடைசியில் மீசை சார்ஜென்ட் வந்தான். கடைக்கு நேராக வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். காலில் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து சேற்றில் இழுபட்டது. பெரியக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"உட்காரு," என்றாள் பெரியக்கா, படியைக் காட்டி. "காலைக் காட்டு."

பாஷை புரியாவிட்டாலும் உட்கார்ந்தான். அவள் உள்ளே போய் சூட்டறையில் காய்ந்துகொண்டிருந்த ஹோட்டல் துண்டு ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்து, குனிந்து, இரண்டு காலிலும் இறுக்கிக் கட்டினாள். வெதுவெதுப்பான துணி பட்டதும் அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டான். எழுந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டான். எதிர்வாடையிலிருந்து ரொட்டிக்கடைக்காரர் இதைப் பார்த்தார். இந்த முறை வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக அப்புறம் பேசினார். அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ரொட்டி கொண்டுபோகும்போது கதையையும் கொண்டுபோனார். பெரியக்கா வேண்டுமென்றே சாக்ஸைச் சுருக்கிவிட்டு ஒரு பட்டாளத்தையே முறியடித்தாள் என்றார். கேட்டவர்கள் அவளைப் பார்க்கவென்றே அழுக்குத் துணியை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பெரியக்காவுக்கு எரிச்சல்.

"நான் ஒண்ணும் பண்ணலை. மழை பெஞ்சுது. அவங்க நனைஞ்சாங்க. சாக்ஸ் சுருங்காம இருந்தாலும் படகு போயிருக்கும். நான் சொல்லாம விட்டது உண்மை, அதை வேணா சொல்லுங்க. மிச்சமெல்லாம் ரொட்டிக்கடை அண்ணன் சேர்த்த ஈஸ்ட்டு."

விட்டுப்போன சுருங்கின சாக்ஸ்களை மகள் பொறுக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குழந்தைகள் வார்டில் அளவாக இருந்தது. கெட்டியான கம்பளி, குளிருக்கு இதமாக இருக்கிறதாம்.

சொந்த நாட்டுப் பட்டாளம் ஊரை மீட்க வந்து சேர்ந்தபோது மீட்க எதுவும் இருக்கவில்லை. அவர்களும் அந்தக் கரையில் வெள்ளம் வடியட்டும் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தார்கள். இடுப்புவரை அதே சேறு, காலில் அதே புண். கூட வந்த முதல் படகிலேயே மூன்றாவது தங்கை குழந்தைகளோடு வந்து இறங்கி, அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உடனே, "ஏன்க்கா, எதிரிக்கெல்லாம் துணி வெளுத்தியாமே?" என்று சண்டையும் பிடித்தாள்.

பட்டாளத்துத் தளபதிக்குக் கடைவீதியில் வெற்றி அணிவகுப்பு நடத்த ஆசை. அவருடைய உதவியாளன் பெரியக்கா கடைக்கு வந்தான். பளபளவென்று பேசினான்.

"நாளைக்குக் காலையில அணிவகுப்பு. சீருடை எல்லாம் வெளுத்து, காஞ்சு, மடிப்புக் கலையாம வேணும். நாட்டுக்காகச் செய்யுங்கம்மா."

பெரியக்கா வெளியே எட்டிப் பார்த்தாள். தூறிக்கொண்டுதான் இருந்தது.

"சூட்டறை பூரா ஆஸ்பத்திரித் துணி இருக்கு தம்பி. உங்க துணி மாடியிலதான் காயணும். வெயில் வந்ததும் சொல்லியனுப்புறேன்."

"தளபதிக்கு நான் என்னன்னு சொல்றது?"

"வெயில் வரலைன்னு சொல்லு."

தளபதி கொஞ்சம் குதித்துப் பார்த்தார் என்று கேள்வி. ஈரச் சீருடையோடு நடந்தால் எப்படி இருக்கும் என்று அவருடைய ஆட்களே எடுத்துச் சொன்னார்கள் போலிருக்கிறது, அணிவகுப்பு தள்ளிப்போயிற்று. ஒருநாள் காலையில் மேகம் கலைந்து வெயில் எட்டிப் பார்த்தது, அன்று சீருடைகள் காய்ந்தன, இஸ்திரிக்காரர் மடிப்பு எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாள் கொட்டு முழக்கத்தோடு அணிவகுப்பு நடந்தது. தளபதி மேடையில் ஏறி, இந்த வெற்றிக்கு வீரர்களின் துணிச்சலே காரணம் என்று பேசினார். மழையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. முன்வரிசையில் பெரியக்காவுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரர் அதற்குப் பக்கத்திலேயே இடம் பிடித்து உட்கார்ந்து, அவள் வருகிறாளா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

அவள் வரவில்லை. மாசக்கணக்கில் ஈரவாடை அடித்த வீட்டு மெத்தை, தலையணை, திரைச்சீலை எல்லாவற்றையும் மாடியில் பரப்பிவிட்டு, தங்கையையும் மேலே ஏற்றி ஒரு கோடியைப் பிடிக்கச் சொல்லி உதறிக்கொண்டிருந்தாள். கீழே பேண்டு வாத்தியம் போயிற்று. தங்கை கைப்பிடிச் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாரும் எவ்வளவு வெள்ளையா இருக்காங்க பாரு!"

"இருக்கட்டும், இருக்கட்டும். நீ இதை இழுத்துப் பிடி. மத்தியானத்துக்கு மேல மேகம் போடும் போலிருக்கு."